பழைய ஜீப்பும் அன்றாடப் பயணமும்

ஒரு பொருள் பழையதாயிற்று என்னும் அவ்வொன்றே அதனை விலக்குதற்குப் போதிய காரணமாகுமோ என்பது எக்காலத்தும் எழும் வினா. தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வினா புதிதன்று. காலப்போக்கில் பழையவை நீங்குவதும் புதியவை வந்து சேர்வதும் குற்றமாகா என்னும் கருத்தோடு நன்னூல் நிறைவுறுகின்றது. அதனைத் துணையாகக் கொண்டு பழைய வீடு, பழைய வழக்கம், பழைய வண்டி ஆகிய யாவற்றையும் ஒருசேரத் தள்ளிவிடுவார் பலர். பழையது தானே நீங்குமாயின் அதனைக் குற்றமாகக் கொள்ளற்க என்று இலக்கண ஆசிரியர் கூறினாரேயன்றி, பழையதனைத் தேடிப் பிடித்து நீக்குக என்று ஏவினாரில்லை. குற்றமன்று என்பதற்கும் கடமை என்பதற்கும் இடையே தொலைவு மிகுதி. அவ்விடைவெளியில் நின்றுகொண்டு, விருதுநகர் மாவட்டத்தின் கரிசற் காடுகளிலும் மலையடிவாரங்களிலும் இன்றும் ஓடித் திரியும் பழைய ஜீப் வண்டிகளைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஜீப்பொன்றை ஒருவர் தம் அன்றாடப் பயணத்திற்கு நம்பியிருக்கலாமா? இவ்வினாவிற்கு இருவகை விடைகளை நாம் எளிதிற் கேட்கலாம். புதுவண்டி வாங்க வகையற்றவனே பழையதைக் கட்டியழுவான் என்பர் ஒரு சாரார். பழைய ஜீப்பைப் போன்ற உறுதியான வண்டி இனி உலகில் பிறக்கப்போவதில்லை என்பர் மற்றொரு சாரார். முன்னவர் வண்டியின் வயதை மட்டும் காண்கின்றனர். பின்னவர் அதன் பெருமையை மட்டும் காண்கின்றனர். என் கருத்து இவ்விரண்டிற்கும் புறம்பானது. பழைய ஜீப்பை நாள்தோறும் நம்பலாம். ஆயின் அந்நம்பிக்கையின் வேர் வண்டியின் இரும்பில் இல்லை, அதனைப் பேணுவோர் கையில் இருக்கின்றது. மேலும், ஒருவர் தம் உயிரைப் பொறுத்தமட்டில் கொள்ளும் துணிவைப் பிறர் உயிர்மேல் ஏற்ற அவருக்கு உரிமை இல்லை. இவ்விரண்டையும் இனி விளக்குவேன்.

ஜீப்பின் பிறப்பை முதற்கண் அறிதல் நலம். இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த 1940ஆம் ஆண்டில், அமெரிக்கப் படைத்துறையினர் இலேசானதும் நான்கு சக்கரங்களாலும் உந்தப்படுவதுமான ஒரு சிறு வண்டி வேண்டுமென்று அறிவித்து, முதல் மாதிரியைச் செய்து தருதற்கு 49 நாள்களே தவணை கொடுத்தனர். பாண்டம் என்னும் சிறிய கம்பெனி அத்தவணைக்குள் அதனைச் செய்து முடித்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய கம்பெனிகள் இரண்டும் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. போர்க்களத்திற்கென்று பிறந்தமையால், சேற்றில் நின்றுவிட்டால் சில கருவிகளைக் கொண்டே ஒரு சிப்பாய் அதனைச் செப்பனிட்டுவிட வேண்டும் என்பது அவ்வண்டியின் அமைப்பிலேயே ஊன்றிய எண்ணமாயிற்று. மறைப்பும் ஒப்பனையும் அதற்கில்லை. மூடியைத் தூக்கினால் யந்திரத்தின் உறுப்புகள் யாவும் கண்ணுக்கும் கைக்கும் எட்டுவனவாய் நிற்கும். இப்பண்பே எண்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அதன் வழித்தோன்றல்களை நம் நாட்டில் ஓடச் செய்கின்றது.

1945ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று 1948இல் மகீந்திரா அண்டு மகீந்திரா எனப் பெயர் மாறிய கம்பெனி, 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்துப் பம்பாயிற் பூட்டத் தொடங்கியது. பின்னர் பாகங்களையும் இங்கேயே செய்யலாயிற்று. 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய சி.ஜே. 3பி என்னும் உயர்ந்த முகப்புடைய வகை, தன் தாய்நாட்டில் மறைந்த பின்னும் இந்தியாவிற் பல்லாண்டுகள் செய்யப்பட்டது. பெட்ரோல் யந்திரம் போய் டீசல் யந்திரம் வந்தது. 1980களில் வந்த எம்.எம். 540 என்னும் வகைக்குப் பிரான்சு நாட்டுப் பியூஜோ கம்பெனியின் அமைப்பிலான 2.1 லிட்டர் டீசல் யந்திரம் பூட்டப்பெற்றது. மேஜர், கமாண்டர் முதலியன அடுத்து வந்தன. இன்று நம் பக்கத்தில் 'பழைய ஜீப்' என்று வழங்கப்படுவன பெரும்பாலும் இவ்வகையினவே.

சிற்றூர் மக்கட்கு ஜீப் என்பது நெடுங்காலம் அரசாங்கத்தின் மறுபெயராக இருந்தது. கலெக்டர் ஜீப், போலீஸ் ஜீப், வனத்துறை ஜீப் என்றே அவர்கள் அதனை அறிந்தனர். தேர்தற் காலத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஊருக்குள் வந்தால் சிறுவர் கூட்டம் பின்னே ஓடும். அரசு அலுவலகங்களில் உழைத்து ஓய்ந்த வண்டிகள் ஏலத்திற்கு வந்தபோது, விவசாயிகளும் சிறு வணிகரும் அவற்றை வாங்கினர். அதிகாரத்தின் சின்னமாக ஊருக்குள் வந்த வண்டி, உரமூட்டையும் பருத்திப் பொதியும் சுமக்கும் ஊழியனாக மாறியது இவ்வாறேயாம்.

இனி நம் நிலத்தின் இயல்பை நோக்குவோம். விருதுநகரிலிருந்து சாத்தூர் வரையிலும், சிவகாசியைச் சுற்றியும், வெம்பக்கோட்டைப் பக்கத்திலும் கரிசல் மண் பரந்து கிடக்கின்றது. கோடையில் அம்மண் பாளம் பாளமாக வெடித்துக் கல்போல் இறுகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் அதே மண் களியாகி, மிதித்த காலை விடாது. சக்கரத்தைச் சுற்றி அப்பி, மட்கார்டுக்குள் அடைந்து, புதிய காரையும் ஓர் அடி நகரவொட்டாது நிறுத்திவிடும். மேற்கே வத்திராயிருப்பு, தாணிப்பாறை, இராஜபாளையத்து மலையடிவாரம் ஆகிய இடங்களிலோ நிலம் வேறு. ஓடைக் கற்களும் மேடுபள்ளங்களும் நிறைந்த தோப்புப் பாதைகள் அவை. தார்ச்சாலை ஊர்தோறும் வந்துவிட்டது உண்மையே. ஆயினும் ஊர்ச்சாவடியிலிருந்து கிணற்றடி வரையுள்ள இரண்டு கிலோமீட்டருக்கு இன்னும் தார் வந்திலது. மாட்டுவண்டிகள் அருகிப்போன இந்நாளில் அவ்விரண்டு கிலோமீட்டரை மழைக்காலத்தில் கடப்பது எங்ஙனம்? நான்கு சக்கர உந்துவிசையுள்ள புதுவண்டி ஒன்றின் விலையோ பத்து லட்ச ரூபாய்க்கும் மேல். ஐந்து ஏக்கர் மானாவாரி நிலத்தில் சோளமும் பருத்தியும் விதைப்பவர்க்கு அஃது எட்டாத கனி.

என் தாய்மாமன் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்டதொரு சிற்றூரில் விவசாயம் செய்பவர். 1980களின் இறுதியிற் செய்யப்பட்ட எம்.எம். 540 ஒன்றே அவருடைய ஒரே வண்டி. காலையில் தோட்டத்திற்குச் செல்வதும் அதுதான். சந்தைக்குக் காய்கறி ஏற்றுவதும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஆலயத்திற்கு வருவதும் அதுதான். நாள்தோறும் வண்டியை எடுப்பதற்கு முன் அவர் செய்யும் காரியங்களை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். முதலில் வண்டி நின்ற இடத்தின் தரையைப் பார்ப்பார். எண்ணெய்ச் சொட்டோ தண்ணீர்ச் சொட்டோ விழுந்திருப்பின் அது எங்கிருந்து வந்தது என்று அறியாமல் ஏறமாட்டார். பின்பு ரேடியேட்டர்த் தண்ணீர், என்ஜின் ஆயில், பிரேக் ஆயில் ஆகிய மூன்றையும் நோக்குவார். டயர்களைக் கையால் தட்டிப் பார்ப்பார். ஏறி அமர்ந்து, பிரேக்கை அழுத்தி அது கெட்டியாக நிற்கின்றதா என்று கண்ட பின்னரே சாவியைத் திருப்புவார். "மருமகளே, வண்டி தன் நோயைத் தானே சொல்லும், நாமதான் காது கொடுக்கணும்" என்பது அவர் வாய்மொழி. இத்தனைக்கும் ஆகும் நேரம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்க மனமில்லாதவர் பழைய வண்டியை நம்புதல் தகாது என்பது என் முதல் முடிவு.

ஏன் இத்துணைக் கவனம் என்று வினவலாம். பழைய ஜீப்பின் எளிமையே அதன் கடமைகளையும் பெருக்குகின்றது. புதிய கார்களில் பல மூட்டுகள் ஆயுள்வரை பூசிய மசகோடு அடைக்கப்பட்டு வருகின்றன. பழைய ஜீப்பிலோ ஸ்டீயரிங் மூட்டு, கமான் பட்டையின் ஆணி, புரோபெல்லர் தண்டின் குறுக்கு மூட்டு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கிரீஸ் வாய் உண்டு. உரிய காலத்தில் கிரீஸ் ஏற்றாவிட்டால் அவை தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். ஆட்டம் கண்ட ஸ்டீயரிங் வேகத்தில் நடுங்கும். நடுங்கும் வண்டி ஓட்டுபவர் கைக்கு அடங்காது. அவ்வண்டிகளிற் பலவற்றின் பிரேக் நான்கு சக்கரங்களிலும் டிரம் வகையினது. ஓடையில் இறங்கி நனைந்தால் சிறிது தூரம் பிடிப்புக் குறைந்தே நிற்கும். ஓடையைக் கடந்தவுடன் மெல்ல ஓட்டிக்கொண்டே பிரேக்கை இரண்டு மூன்று முறை அழுத்தி உலர்த்த வேண்டும் என்பதைப் புதிதாக ஓட்டுவோர் அறியார்.

மற்றொன்றும் அறியத்தக்கது. நான்கு சக்கர உந்துவிசை இருக்கின்றதே என்று அதனை எப்போதும் பூட்டி வைத்து ஓட்டுவார் சிலர். வளைவில் திரும்புங்கால் முன்சக்கரங்கள் செல்லும் தொலைவு பின்சக்கரங்கள் செல்லும் தொலைவினும் மிகுதி. சேற்றிலும் மணலிலும் சக்கரம் சிறிது வழுக்கி அவ்வேற்றத்தாழ்வைச் சரிசெய்துகொள்ளும். உலர்ந்த தார்ச்சாலை வழுக்க விடாது. ஆதலின் அவ்விறுக்கம் முழுவதும் பல்சக்கரங்களின்மேல் ஏறும். இதனைத் தாங்கிச் சரிசெய்யும் நடு டிஃபரன்ஷியல் பழைய ஜீப்பில் இல்லை. தார்ச்சாலையில் பின்சக்கர விசையே போதும். சேற்றிற்கு மட்டுமே நான்கு சக்கர விசை. வண்டியை வலிமையுடையதென்று புகழ்வோர் அவ்வலிமை எங்கே தகும், எங்கே தகாது என்பதையும் அறிதல் வேண்டும்.

வடக்கே டார்ஜிலிங் மாவட்டத்தில் மானேபஞ்ஜன் என்றோர் ஊர் உண்டு. அங்கிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சண்டக்ஃபூ முகட்டிற்குச் செல்லும் கற்பாதையில், 1950களில் இங்கிலாந்திற் செய்யப்பட்ட லாண்ட் ரோவர் வண்டிகள் தலைமுறை தலைமுறையாக ஆட்களையும் உணவுப் பொருள்களையும் சுமந்து ஏறின. லாண்ட் ரோவர் 1948ஆம் ஆண்டில் உலகிற்கு முதன்முதற் காட்டப்பட்டது. அதுவும் ஜீப்பைக் கண்டு எழுந்த எண்ணத்தின் விளைவே. அவ்வூரார் அவ்வண்டிகளைக் காட்சிக்கு வைக்கவில்லை. அவற்றால் உண்டு உடுத்து வாழ்ந்தனர். அஃது அவர்கட்கு எவ்வாறு இயன்றது? வண்டி வைத்திருந்த ஒவ்வொருவரும் பாதி மெக்கானிக்காக இருந்தமையாலும், ஒரு வண்டியின் உறுப்பு மற்றொன்றுக்கு உதவியமையாலும், பழைய யந்திரம் ஓய்ந்தபோது மகீந்திரா யந்திரத்தை மாற்றிப் பூட்டும் கைத்திறன் அங்கே இருந்தமையாலும் இயன்றது. பாதை செப்பனிடப்பட்டபின் அங்கும் பொலீரோ வண்டிகள் மிகுந்தன. பாதையின் தேவையும் ஊராரின் திறமையும் சேர்ந்திருந்தவரை பழைய வண்டி வாழ்ந்தது; அவ்விரண்டில் ஒன்று குறையத் தொடங்கியதும் வண்டியும் பின்வாங்கியது. இதில் நமக்கொரு பாடம் உண்டு.

நம் மாவட்டத்தில் அத்தகைய கைத்திறன் இன்னும் அற்றுப்போகவில்லை. சிவகாசியிற் அச்சு யந்திரங்களும் தீப்பெட்டி யந்திரங்களும் ஓடுவதால், அவற்றின் உறுப்புகளைக் கடைந்து கொடுக்கும் கடைசல் பட்டறைகளும் உள. கம்பெனியில் கிடைக்காத ஒரு புஷ்ஷையோ ஆணியையோ தேய்ந்த மாதிரியைக் கையிற் கொண்டு போய்க் காட்டினால், மாலைக்குள் கடைந்து தரும் கைகள் அங்கே இருக்கின்றன. ஆயின் அக்கைகளுக்கு உரியவர் பலர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். கணினி பூட்டிப் பழுது காணும் வேலைக்கு இளைஞர் செல்கின்றனரேயன்றி, காதால் கேட்டு டீசல் பம்பின் குறையைச் சொல்லும் வித்தையைக் கற்க முன்வருவோர் குறைவு. ஒரு மொழியின் சொல்லைப் பொருளறிந்து வழங்குவோர் அற்றபின் அது நிகண்டில் மட்டும் கிடப்பதுபோல, பழுது பார்க்கத் தெரிந்தவர் அற்றபின் பழைய வண்டியும் கொட்டகையில் மட்டும் கிடக்கும். ஜீப் வைத்திருப்போர் அதன் விலையை எண்ணுவதோடு அமையாமல், தம் ஊரில் அதனை அறிந்த கைகள் எத்தனை உள என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி அரசின் விதிகளுக்கு வருவோம். சொந்த உபயோகத்துக்குரிய வண்டிக்கு முதற் பதிவு 15 ஆண்டுகள் வரை செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைச் சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கையை வெளியிட்டது. மறுபதிவுக் கட்டணம் காருக்கு 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக ஏறியது. 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டு மாதத்தில் அது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அரசுக்குச் சொந்தமான வண்டிகளில் 15 ஆண்டு கடந்தவற்றிற்கு 2023 ஏப்ரல் முதல் பதிவே புதுப்பிக்கப்படுவதில்லை. இவ்வேற்பாட்டில் ஒரு வேற்றுமையைக் காண்க: அரசு தன் வண்டியை வயதால் அளந்தது, குடிமக்களின் வண்டியையோ தகுதியால் அளப்பதாகக் கூறியது. பின்னதே அறிவுடைய அளவு என்பேன். பத்தாண்டு வண்டி ஒன்று பேணாமையால் யமனுக்குத் தூதாகலாம். முப்பதாண்டு வண்டி ஒன்று பேணுதலால் நல்ல ஊழியனாகலாம். ஆயின் தகுதியே அளவு என்று சொல்லிவிட்டு, வயதுக்கு ஏற்பக் கட்டணத்தைப் பன்மடங்கு உயர்த்துவது, முன்வாயிலைத் திறந்து வைத்துப் படியை உயர்த்துவது போன்றது. செல்வர்க்கு அப்படி தெரியாது. மானாவாரி விவசாயிக்குத் தெரியும். சோதனையைக் கடுமையாக்குக, கட்டணத்தை எளிதாக்குக என்பதே நான் வேண்டுவது.

பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இதுபோன்றதொரு வழக்கு நடந்தது. போர் முடிந்தபின் அமெரிக்கர் விட்டுச் சென்ற ஜீப்புகளை நீட்டி, கூரையிட்டு, வண்ணந்தீட்டி மனிலா மக்கள் 'ஜீப்னி' என்னும் பொது வண்டியாக்கினர். ஏழை மக்களின் அன்றாடப் போக்குவரத்து அதனை நம்பியே நடந்தது. 2017ஆம் ஆண்டில் அந்நாட்டரசு பழைய ஜீப்னிகளை மாற்றிப் புதுவண்டி கொணரும் திட்டத்தைத் தொடங்கியபோது, புதுவண்டியின் கடனைத் தாங்க இயலாத ஓட்டுநர்கள் எதிர்த்தனர். 2023 மார்ச்சு மாதத்தில் வேலைநிறுத்தமும் செய்தனர். புகையும் பழுதும் மிக்க வண்டிகளை மாற்ற வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. மாற்றத்தின் செலவு முழுவதையும் எளியோர் தோளில் ஏற்றலாகாது என்பதிலும் நியாயம் உண்டு. இரண்டு நியாயங்களையும் ஒருங்கு காண்பதே ஆட்சியாளர்க்கு அழகு.

இதுகாறும் பழைய ஜீப்புக்காகப் பேசினேன். அதற்கு எதிராகப் பேசவேண்டியவற்றையும் மறைத்தல் நேர்மையாகாது. மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகத் தெற்கே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நான்கு வழிச் சாலை. அதில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டிகள் பறக்கின்றன. பழைய ஜீப்போ அறுபதைத் தாண்டினால் உடல் நடுங்கும். அதனுள் ஏர்பேக் இல்லை. பலவற்றில் பின்னிருக்கைக்கு பெல்ட்டும் இல்லை. பக்கவாட்டில் அமரும் பலகையே உண்டு. புதிய கார்களில் ஓட்டுநர்க்கு ஏர்பேக் இருத்தல் வேண்டும் என்பது 2019 ஜூலை முதல் விதி. ஆதலின், கிளைச்சாலை இருக்கும்போது நெடுஞ்சாலையை நாடாமையும், இருட்டியபின் நெடுந்தொலைவு செல்லாமையும் பழைய ஜீப் வைத்திருப்போர் தமக்குத் தாமே இட்டுக்கொள்ள வேண்டிய விதிகளாம். புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்பனையாகும் புதுவண்டிகள் பி.எஸ். 6 என்னும் தூய்மை விதிக்கு உட்பட்டவை. அத்தகைய விதிகள் எவையும் தோன்றுமுன் பிறந்தவை நம் எம்.எம். 540 வண்டிகள். தோட்டத்திற்குச் செல்வதும் சேற்றில் இறங்குவதும் அவற்றின் வேலை. சிவகாசிக் கடைத்தெருவில் பள்ளிவிடும் நேரத்தில் கரும்புகை கக்கிக்கொண்டு நிற்பதன்று.

எல்லாவற்றினும் மேலாக நான் அஞ்சுவது ஒன்றுண்டு. நம் மாவட்டம் பட்டாசு மாவட்டம். 1922ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த ஐய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் ஊன்றிய வித்து இன்று நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியை அளிக்கும் தொழிலாகப் பரந்திருக்கின்றது. பட்டாசு ஆலைகள் ஊரைவிட்டு ஒதுங்கிப் பொட்டல் வெளிகளில், ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் சிறுசிறு அறைகளாக அமைந்திருக்கும். அவற்றிற்குச் செல்லும் வழிகள் பல மண்பாதைகள். அங்கே வேலை செய்வோரிற் பெண்களே மிகுதி. அத்தகைய பாதையில் நன்றாகச் செல்லக்கூடியது என்னும் காரணத்தால் பழைய ஜீப்பில் ஆட்களை அடைத்து ஏற்றுதல் எளிதாகத் தோன்றும். தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் விடியலில் ஜீப்புகளில் நெருக்கி ஏற்றப்பட்டுச் செல்லும் தொழிலாளரை அறிந்தோர், அவ்வழக்கம் எத்துணை உயிர்களைக் கொண்டைஊசி வளைவுகளின் ஓரத்தில் நிறுத்துகின்றது என்பதையும் அறிவர். ஐவர்க்கோ எண்மர்க்கோ அமைந்த கமான் பட்டையும் பிரேக்கும் பதினைவரைத் தாங்குமென்று எதிர்பார்ப்பது வண்டியிடம் கொண்ட நம்பிக்கையாகாது. ஏழையின் உயிரிடம் காட்டும் அலட்சியமாகும்.

பட்டாசுச் சரக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. 2016ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சிவகாசியில் ஒரு கிடங்கருகே வண்டியில் பட்டாசு ஏற்றும்போது தீப்பற்ற, அதன் புகை பக்கத்திலிருந்த ஸ்கேன் மையத்துள் புகுந்து, நோய்க்குச் சோதனை பார்க்க வந்தவர்களையும் கொன்றது. தீ எவ்விடத்திற் பிறந்தாலும் அதற்கு உறவு பகை தெரியாது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் நேர்ந்த வெடிவிபத்துகளை இம்மாவட்டத்தார் எவரும் மறவார். முப்பதாண்டு கண்ட வண்டியின் மின்கம்பிகள் உறை வெடித்து நிற்பது உண்டு. பாட்டரி முனை தளர்ந்து பொறி தெறிப்பது உண்டு. புகைக்குழாய் வழியே கனன்ற கரித்துகள் பறப்பதும் உண்டு. வயற்காட்டில் இவை சிறு பழுதுகள். மருந்து கலக்கும் அறையின் அருகே இவை கொள்ளி. ஆகவே பட்டாசோ, வெடிமருந்தோ, திரியோ ஒரு கட்டேனும் பழைய ஜீப்பில் ஏற்றுதல் ஆகாது. ஆலையின் வேலியைத் தாண்டி அதனைக் கொண்டு செல்லுதலும் ஆகாது. வெடிபொருளைச் சாலையிற் கொண்டு செல்லுதற்கென்று அரசின் விதிகள் தனியே உள. 'பக்கத்து ஊர்தானே, ஒரு பெட்டிதானே' என்பாரிடம் என் மாமன் கூறும் விடையையே நானும் கூறுவேன்: "பெட்டி சின்னது, வீட்டுல காத்திருக்கிறவங்க எண்ணிக்கை சின்னதில்ல." இவ்வாறு கேட்டவர்க்கு வண்டியை மறுத்து, வாடகைப் பணத்தையும் அவர் இழந்தது உண்டு. அவ்விழப்பை அவர் ஒருநாளும் குறையாகச் சொல்லக் கேட்டிலேன்.

ஆதலின் நண்பர்காள், பழைய ஜீப்பை அன்றாடம் நம்புவோர்க்கு நான் கூறும் முடிபு இதுவாகும். உங்கள் நிலத்துக்கு அது மெய்யாகவே வேண்டுமாயின் வைத்துக்கொள்ளுங்கள். மீசை முறுக்குதற்கு மட்டுமாயின் விட்டுவிடுங்கள். நாளும் பத்து நிமிடம் அதற்குக் கொடுங்கள். அதனை அறிந்த மெக்கானிக்கை மதித்து உரிய கூலி கொடுங்கள். அவர் கைத்திறனைக் கற்க ஓர் இளைஞனை அனுப்புங்கள். சட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதிக்கும்; நீங்கள் அதனினும் கடுமையாக ஆண்டுதோறும் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் சோதித்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மேல் ஒருவரையும் ஏற்றாதீர்கள். மருந்துச் சரக்கின் நிழலும் அதன்மேல் விழாதிருக்கட்டும். இவற்றுள் ஒன்று இயலாதாயின், அன்றே அதனைக் கழித்துவிடுதல் பழைமைக்குச் செய்யும் துரோகமாகாது.

நம் கல்லூரியில் பயில்வோருட் பலர் இம்மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து வருவோர். நாளை நம்மிற் சிலர் அதிகாரிகளாகி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் தொழிற்சாலைத் துறையிலும் அமரக்கூடும். சிலர் தோட்டங்களையும் ஆலைகளையும் நடத்தக்கூடும். வண்டியின் வயதைக் கண்டு இகழாமலும், அதன் வரலாற்றைக் கண்டு மயங்காமலும், அதில் ஏறும் மனிதரைக் கண்டு முடிவு செய்யும் பழக்கத்தை நாம் இப்போதே பயின்றுகொள்வோமாக. உழைத்து முதிர்ந்த பொருளை நன்றியோடு பேணுதல் அறம். அதன் முதுமையைப் பிறர் தலையிற் சுமத்தாமை அதனினும் பெரிய அறம்.